சேற்றுக்குள் செருப்பில்லாமல்

வெள்ளம் வந்த நாட்களில் எடுத்த படங்கள் எங்கள் வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கின்றன. வாசற்படியைத் தொட்ட தண்ணீர், விறாந்தையில் மிதக்கும் பிளாஸ்டிக் கதிரை, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு நீரில் நிற்கும் வாப்பா. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. இதை எழுத உட்கார்ந்தபோது தேடிப் பார்த்தேன். யாருக்கும் கை சும்மா இருக்கவில்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், அது படமெடுக்க வேண்டிய ஒன்றாக யாருக்கும் படவில்லை. வீடு கழுவுவதை யார் படமெடுப்பார்?

நான் இந்தக் கல்லூரியிலிருந்து 2024 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதியவள். சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை தரும்படி ஆசிரியை கேட்டபோது, வீடு கழுவிய கதையை எழுதட்டுமா என்றேன். முதலில் சிரித்தார். பிறகு, “எழுதுங்க மகள், எங்கட வீட்டுக்கயும் வந்ததுதானே” என்றார்.

அந்த வருடம் பரீட்சை நவம்பர் 25 ஆம் திகதி திங்கட்கிழமை தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே மழை. கல்முனையில் பெய்கிற மழைக்கு நாம் பயப்படுவதில்லை. மேற்கே பெய்கிற மழைதான் நமக்கு ஆபத்து. மறுநாள் 26 ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. அந்தப் பிள்ளைகளை இழந்த குடும்பங்களின் முன்னால் எங்கள் வீட்டுச் சேறு ஒரு பெரிய விடயமே அல்ல. இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் அந்த ஜனாஸாக்களுக்குப் போனவர்கள் இருப்பீர்கள். உயிரோடு மிஞ்சிய எங்களுக்கு அதன் பிறகு ஒரு வேலை மிச்சம் இருந்தது. அந்த வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

27 ஆம் திகதி முதல் பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியது டிசம்பர் 4 இல். இடையில் ஏழு நாட்கள். அதே வீட்டில் இரண்டு பேர் அந்தப் பரீட்சைக்குத் தோற்றிக்கொண்டிருந்தோம்: நான் முதல் தடவை, காக்கா இரண்டாம் தடவை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியதும், கடற்கரைப் பக்கம் மாடி வீட்டில் இருக்கும் சாச்சியிடம் காக்காவை அனுப்பினார்கள். “அவன் அங்க இருந்து படிக்கட்டும்.” யாரும் யோசித்து எடுத்த முடிவு அல்ல அது. மூட்டையோடு மூட்டையாக அவருடைய புத்தகங்களும் போயின. என்னுடையவை அலுமாரியின் மேல்தட்டில் இருந்தன. நானும் இருந்தேன்.

எங்கள் வீடு ஏன் தண்ணீர் ஏறும் இடத்தில் இருக்கிறது என்று கேட்கலாம். மூத்தம்மாவின் பழைய வீடு கடலோரம் இருந்தது. 2004 டிசம்பர் 26 இல் அதில் சுவர்கூட மிஞ்சவில்லை. அதன் பிறகு கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். அந்தச் சட்டம் பின்னர் தளர்ந்தாலும் பயம் தளரவில்லை. வசதிக்கேற்பப் பலர் மேற்கே நகர்ந்தார்கள். மேற்கே என்றால் வயல்தானே? வயலை மண்போட்டு நிரப்பி வளவாக்கி, அதில் உம்மாவுக்கு வீடு கட்டினார்கள். வயல் முன்பு மழைநீரைத் தாங்கி நின்றது. மெல்ல மெல்லத் தோணாவுக்கும் முகத்துவாரத்துக்கும் விட்டது. இப்போது தாங்க வயல் குறைவு. வடிகிற தோணாவிலும் வாய்க்காலிலும் ஆற்றுவாழையும் குப்பையும். கடலுக்குப் பயந்து வந்தவர்களின் வாசலுக்கு மலைப்பக்கத் தண்ணீர் வந்து நிற்கிறது. இதற்கு யார் பொறுப்பு என்பது தனிக் கட்டுரை. அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

தண்ணீர் வீட்டுக்குள் இருந்த மூன்று நாளும் ஊர் எங்களைக் கைவிடவில்லை. பள்ளிவாசலில் சமைத்தார்கள். சோற்றுப் பார்சல் வந்தது, குடிதண்ணீர்ப் போத்தல் வந்தது, பால்மா வந்தது. முகம் தெரியாத இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்து கேட்டில் தொங்கவிட்டுப் போனார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். 30 ஆம் திகதி காலை தண்ணீர் வடிந்து நிலம் தெரிந்தது. அன்றோடு பார்சல் நின்றது. வெள்ளம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் ஆறுதலடைந்தார்கள். உம்மா கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. பலகை ஊதியிருந்தது, உள்ளே சேறு அணைகட்டியிருந்தது.

வெள்ளச் சேற்றைப் பார்க்காதவர்களுக்கு அதை விளங்கப்படுத்துவது கடினம். அது வயற்சேறு மாதிரி இல்லை. மலசலகூடக் குழி நிரம்பி வழிந்த தண்ணீர், செத்த கோழி, மாட்டுப் பட்டியின் சாணம், யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் எண்ணெய், வயலுக்கு அடித்த மருந்து எல்லாம் கலந்து, தோல்போல வழுவழுப்பாக ஒரு படை. அதன் மணம் முடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்தால் சீமெந்தாகிவிடும் என்பதால் ஈரமாக இருக்கும்போதே வழித்தாக வேண்டும். பத்து நிமிடம் ஆறுதலாக இருந்து தேநீர் குடிக்கவும் மனம் வராது.

முதல் நாள் நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். தரையைக் கழுவினோம், பிறகு சுவரைக் கழுவ, சுவரின் சேறு மறுபடி தரைக்கு வந்தது. மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. ஊதிப்போன அலுமாரி லாச்சியை இழுத்து முன்பக்கத்தை உடைத்தோம். பின்பலகையைக் கழற்றியிருந்தால் தப்பியிருக்கும். பஞ்சு மெத்தைகளை வெயிலில் போட்டுக் காப்பாற்றலாம் என்று உம்மா ஒரு வாரம் போராடினார். உள்ளே பூஞ்சணம் பிடித்துவிட்டது. அழுக்குத் தண்ணீர் குடித்த மெத்தையும் தலையணையும் திரும்பி வராது. முதல் நாளே வெளியே போட்டுவிடுங்கள். பெருநாளைக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டு ஒரு மாதத்திலேயே அடித்தோம். கல்லுச் சுவர் உள்ளே காய மாதங்கள் எடுக்கும். மூடப்பட்ட ஈரம் உப்பாகப் பூத்து, பெயின்ட் அப்பளம்போல் பொரிந்து விழுந்தது. அந்தப் பணமும் போனது.

ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தோம். தண்ணீர் பிளக் மட்டத்துக்கு வருமுன் வாப்பா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். மின்சார வேலை தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை யாரையும் போட விடவில்லை. ஐந்து இரவு குப்பி விளக்கு. நான் வாப்பாவோடு முணுமுணுத்தேன், இருட்டில் எப்படிப் படிப்பது என்று. இப்போது நினைத்தால் வெட்கம்.

அந்த நான்கு நாளும் உம்மா சேற்றுக்குள் செருப்பில்லாமல் நின்றார். செருப்புப் போட்டால் வழுக்குகிறது என்றார். அவருடைய குதிக்கால்களில் எப்போதும் வெடிப்பு இருக்கும். எங்கள் வீட்டில் முழங்கால்வரை வரும் ரப்பர் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. வயலுக்கு மருந்தடிக்கும்போது வாப்பா போடுவது. அது வெள்ளத்துக்குத் தப்பிச் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தது. வாப்பா அதைப் போடச் சொல்லவில்லை, உம்மா கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டு வேலைக்கு யார் சப்பாத்துப் போடுவார்கள்?

டிசம்பர் 9 ஆம் திகதி உம்மாவுக்குக் காய்ச்சல். கெண்டைக்கால் வலி தாங்க முடியவில்லை, கண் சிவந்திருந்தது. வைரஸ் காய்ச்சல் என்று இரண்டு நாள் பனடோலோடு இருந்தார். மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்ததும் வாப்பா பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனார். எலிக்காய்ச்சல். எலியின், மாட்டின் சிறுநீரோடு நீரில் கலக்கும் கிருமி, தோல் வெடிப்பாலும் காயத்தாலும் உள்ளே போகிறது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும். அதற்குள் வெள்ளத்தை எல்லோரும் மறந்திருப்போம். வேளைக்குப் போனால் மருந்து இருக்கிறது. பிந்தினால் சிறுநீரகத்தையும் உயிரையும்கூடக் கேட்கும். வயலில் இறங்கும் விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இதற்கு முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கிறார்கள். வாப்பா வாங்கியிருக்கிறார். சப்பாத்தும் மாத்திரையும் வயலுக்குப் போகிறவருக்கு உண்டு. வயல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டபோது, அதில் நின்றவருக்கு இரண்டும் இல்லை. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அந்த மாத்திரையை வைத்தியரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மிஞ்சியதை அயலுக்குக் கொடுக்கும் நல்ல மனது நமக்கு உண்டு.

உம்மா ஆறு நாள் வார்டில் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி வந்தார். பரீட்சை அப்போது முடிந்திருக்கவில்லை. என்னுடைய பெறுபேற்றைச் சேற்றின் தலையில் போட மாட்டேன். நான் படிக்காமல் விட்ட அலகுகளும் இருந்தன. ஆனால் மணித்தியாலங்களை எண்ண எனக்கு உரிமை இருக்கிறது. இடையில் கிடைத்த ஏழு நாளில் ஒன்றிரண்டைக்கூட நான் முழுமையாகப் படிப்புக்குக் கொடுக்கவில்லை. காக்காவுக்கு ஏழும் கிடைத்தன.

காக்காவைப் பற்றித் தவறாக நினைக்க வேண்டாம். டிசம்பர் 2 ஆம் திகதி பின்னேரம் கணிப்பானை எடுக்க வந்தார். வாசலில் நின்று பார்த்தார். “எனக்கு ஏன் சொல்லல்ல?” என்றார். காற்சட்டையை மடித்துவிட்டு உள்ளே இறங்கி, நானும் உம்மாவும் இரண்டு நாளாக அசைக்க முடியாமல் விட்டிருந்த நனைந்த மெத்தையைத் தனியாக இழுத்து வீதிக்குப் போட்டார். அரை மணித்தியாலம். பிறகு உம்மாவே அவரைத் துரத்தினார்: “நீ போ வாப்பா, படி.” ஒரு கையில் தும்புத்தடியோடு அதைச் சொன்னார். மறு கையால் என்னிடம் வாளியை நீட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். வெளியூர்த் தோழிகளுக்கு இதைச் சொன்னால் வியப்பார்கள். அக்கரைப்பற்றில் பல வருடம் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்ரே இந்தத் தாய்வழி வீட்டுரிமையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகள் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டபோது இங்கே அது எவ்வளவு குழப்பத்தை உண்டாக்கியது என்பதையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். சீதனம் என்ற சுமையைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு வாப்பாவின் முழு ஆயுளும் மகள்மாரின் சுவர்களுக்குள் போய்விடுகிறது. என்றாலும் சொந்தச் சுவருக்குள் இருக்கிறோம் என்ற தைரியம் எங்கள் உம்மாமாருக்கு இருக்கிறதே, அது சிறிய காரியமல்ல.

அந்த உரிமை வெள்ளத்தின் பின் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தேன். உறுதியில் உம்மாவின் பெயர் இருக்கிறது. ஆகவே சேறும் உம்மாவுடையது. ஆனால் நட்டத்தைப் பதிய வந்த படிவத்தில் “குடும்பத் தலைவர்” என்று ஒரு பெட்டி. அதில் வாப்பாவின் பெயர். எந்த மேசனைக் கூப்பிடுவது, எந்தச் சுவரை இடிப்பது, கிணற்றை எப்போது இறைப்பது எல்லாம் முற்றத்தில் நின்ற ஆண்களின் பேச்சு. வீட்டுக்காரியின் சொல் எடுபட்டிருந்தால் எங்கள் கிணறு தப்பியிருக்கும்.

அந்தக் கிணற்றுக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர் வடிந்த அன்றே அயலில் ஒருவர் பெரிய மோட்டார் கொண்டுவந்தார், ஒவ்வொரு வளவாக இறைத்துக் கொடுக்க. நல்ல எண்ணம்தான். மூத்தம்மா கதிரையில் இருந்தபடி, “இப்ப போடாதீங்க, கிணறு இரிக்காது” என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு இது இரண்டாம் அனுபவம். சுனாமிக்குப் பிறகு கடலோரக் கிணறுகளை உப்புப் போகட்டும் என்று திரும்பத் திரும்ப இறைத்தார்கள். எங்கள் கரையில் நிலத்தடியில் நன்னீர், உப்பு நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. புவியியல் பாடத்தில் படம் வரைந்திருக்கிறோம். மேலே உள்ளதை இறைக்க இறைக்கக் கீழே உள்ள உப்பு ஏறும். மூத்தம்மாவின் கிணறு இறைத்த ஒவ்வொரு முறையும் இன்னும் உவர்த்தது. அக்காலத்தில் கிழக்குக் கரையின் கிணறுகளை அளந்த ஆய்வாளர்களும் அளவுமீறி இறைத்தது கெடுதல் செய்தது என்றும், உப்பை மெல்ல மெல்லக் கழுவியது மழைதான் என்றும் எழுதினார்கள். மூத்தம்மா அந்த ஆய்வை வாசிக்கவில்லை. வாசிக்க அவசியமும் இருக்கவில்லை.

2024 இல் வந்தது உப்புத் தண்ணீர் அல்ல. ஆனால் சுற்றியுள்ள மணல் முழுவதும் நீரால் ஊறி நிற்கும்போது கிணற்றை மட்டும் காலியாக்கினால், வெளியே இருக்கும் பாரம் மணலோடு உள்ளே தள்ளும். இரண்டு மணித்தியாலம் மோட்டார் ஓடியது. சீமெந்து வளையம் ஒரு பக்கம் சாய்ந்து, கலங்கல் மணல் வளையத்தின் பாதிவரை வந்துவிட்டது. அயல் நிலத்தில் நீர்மட்டம் இறங்கும்வரை சில நாள் பொறுத்து, மெதுவாக இறைத்து, பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்டு அவர் சொல்லும் அளவுக்குக் குளோரின் தூள் போட்டு, அதுவரை குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடித்திருக்க வேண்டும். அந்தத் தூளை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு வரும். ஒரு கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் ஊற்றித் தேய்த்து, மூச்சு முட்டி வெளியே ஓடிவந்தவள் நான்.

இதற்கெல்லாம் எனக்குக் கிடைக்கும் வழமையான பதில், “எங்கட உம்மாமார் இதச் செய்யல்லயா?” செய்தார்கள். செய்து நோயில் விழுந்தார்கள். இன்னொரு பதிலுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறேன்: “ஆம்பிளைகள் வந்தா ஒழுங்காச் செய்ய மாட்டாங்க, வீட்டுக்க வெளி ஆக்கள் வந்தா நாங்க எங்க நிக்கிறது?” இது நியாயமான கேள்வி. நனைந்த உடுப்போடு, படுக்கையறைச் சாமான்கள் முற்றத்தில் பரவிக் கிடக்க, அறியாத இளைஞர்கள் பத்துப் பேர் உள்ளே வருவதை எந்த உம்மா விரும்புவார்? பார்சலைக் கேட்டில் தொங்கவிட்டதுபோல் துப்புரவைத் தொங்கவிட முடியாது. தொண்டர்கள் வராமல் போனதற்கு அவர்களுடைய மனம் மட்டும் காரணமல்ல என்று இதனால்தான் நினைக்கிறேன். உள்ளே வரக்கூடிய கைகள் பெண்களுடையவை, அவர்களை யாரும் அணியாகத் திரட்டவில்லை.

2018 ஆகஸ்டில் கேரளாவில் பெருவெள்ளம் வடிந்தபோது, குட்டநாட்டு வீடுகளைக் கழுவுவதற்கென்றே பல்லாயிரம் பேரை நாள் குறித்துத் திரட்டினார்கள். மின்சார வேலை தெரிந்தவர்கள், குழாய் வேலை தெரிந்தவர்கள், தச்சர்கள் எல்லோரும் அதில் சேர்ந்தார்கள். குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சங்கங்கள் ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருந்ததால் யாரை எங்கே அனுப்புவது என்று தெரிந்திருந்தது. சமைத்த சோறு கொடுப்பதுபோலவே சேறு வழிப்பதும் நிவாரணம் என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள். நமக்கு மாதர் சங்கங்கள் இருக்கின்றன, பழைய மாணவிகள் சங்கங்கள் இருக்கின்றன. விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் பிரித்து அணிவகுக்கத் தெரிந்த எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, ஒரு வளவுக்கு ஆறு பேர் என்று பிரிவது பெரிய கஷ்டமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் பெரும்பகுதியை நாசமாக்கியது. அதன் பிறகு அரசாங்கம் பாதிக்கப்பட்ட வீடுகளைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா கொடுப்பதாக அறிவித்தது. அந்தச் செய்தியைக் கேட்டபோது உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். “கழுவுறதுக்கு இருபத்தஞ்சாயிரமா!” என்று வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய ஆயுளில் முதல்முறையாக அந்த வேலைக்கு ஒருவர் விலை சொல்லியிருந்தார். தொகை போதுமா போதாதா என்பதில் எனக்கு வாதமில்லை. வீடு கழுவுவது செலவும் உழைப்பும் ஆபத்தும் உள்ள ஒரு வேலை என்று கடதாசியில் எழுதப்பட்டுவிட்டது, அதுதான் எனக்கு முக்கியம். அந்தக் காசு ஒரு வீட்டுக்குள் வருமானால் அது தும்புத்தடி பிடித்தவரின் கையில் முதலில் கொடுக்கப்பட வேண்டும் என்று வாப்பாமாரிடம் கேட்டுக்கொள்கிறேன். அவர் அதில் முதலில் என்ன வாங்குவார் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் என்றால் கிணற்றைத் திருத்துவார்.

வாப்பாமாரிடம் இன்னொன்றும். நபிகள் நாயகம் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் பங்கெடுத்ததை ஆயிஷா நாயகி அறிவித்திருப்பது எல்லோரும் அறிந்த ஹதீஸ். ஜும்ஆப் பிரசங்கங்களிலும் கேட்டிருக்கிறோம். சுத்தத்தின் சிறப்பை எங்கள் வகுப்பறைச் சுவர் ஒவ்வொன்றிலும் எழுதியும் வைத்திருக்கிறோம், பெண் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில். மகன்மாரின் பாடசாலையிலும் அது அதே அளவு எழுத்தில் இருக்கிறதா என்று ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும். வெளி ஆட்கள் உள்ளே வரக் கூச்சம் என்கிறோம். சொந்த மகன் வெளி ஆள் இல்லையே. மெத்தை இழுக்கிற வலு அவனுக்குத்தான் இருக்கிறது. பரீட்சை இருந்தால் மகனுக்கும் மகளுக்கும் நேரத்தைப் பாதிபாதியாகப் பிரியுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு நாளில் முடித்திருந்தால் மிச்சம் ஐந்து நாள் இரண்டு பேருக்கும் இருந்திருக்கும். இந்தக் கணக்கை எங்கள் வீட்டில் சொன்னபோது வாப்பா ஒன்றும் பேசவில்லை. காக்கா, “சரிதான்” என்றார். உம்மாதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தங்கச்சிமாரே, உங்களில் பலருக்கு நாளை ஒரு வீடு எழுதப்படும். அதன் மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி, உறுதி எந்தப் பையில் என்று இப்போதே கேட்டு வையுங்கள். மூத்தம்மாமாரிடம் கிணற்றைப் பற்றியும் கேளுங்கள், அவர்கள் இருக்கும்போதே.

கடந்த ஒக்டோபரில் மழை தொடங்குமுன் வாப்பா கல்முனைச் சந்தைக்குப் போய் ரப்பர் சப்பாத்து மூன்று சோடி வாங்கிவந்தார். உம்மாவுக்கு 6 ஆம் இலக்கம், எனக்கு 5. மூன்றாவது 9 ஆம் இலக்கம், காக்காவுக்கு. உம்மா தன்னுடையதை ஒருமுறை போட்டு முற்றத்தில் நடந்து பார்த்தார். பாரமாக இருக்கிறதாம். கழற்றிக் கழுவிக் காயவைத்து, வாப்பாவின் சப்பாத்துக்குப் பக்கத்தில் அதே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்.